கோழிக்கூண்டும் யானைக்காலும்: ஆய்வாளர் சுப்பாராவின் வாழ்க்கை

கெடா மாநிலத்தில் ஹார்வர்ட் என்றதும் பீடோங் பக்கமுள்ள ரப்பர் தோட்டமும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே பெயர் கொண்ட அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில், நம் ஊர் மனிதர் ஒருவர் இரவில் மருத்துவமனைக் கூலி வேலை பார்த்தபடி ஆய்வு செய்தார். அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

தெலுங்குக் குடும்பம். 1895 ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். படிப்பில் புலி என்று சொல்ல முடியாது. பதின்மூன்று வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடியவர். தாயார் விடவில்லை, பிடித்து வந்து பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியது மூன்றாவது முயற்சியில், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்.

அண்ணன், தம்பி இருவரையும் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். அண்ணனைக் கொன்றது ஸ்ப்ரூ. குடல் உணவை ஏற்காமல், ரத்தம் வற்றி, உடல் எலும்பாகும் நோய் அது. அதற்கு அப்போது மருந்து இல்லை. பின்னாளில் சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து நின்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துக்கொண்டே அமெரிக்கா போக வழி தேடினார். 1920களின் தொடக்கத்தில் மாமனார் உதவியுடன் கப்பலேறினார். மனைவி சேஷகிரி ஊரில் இருந்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயர் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. தசைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளையும் அந்த இருவர்தான் பிரித்தெடுத்து 1929-இல் அறிவித்தார்கள். இவ்வளவு செய்தும் அங்கே நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். விரைவில் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

கோழிகள் அவர் கதையில் வருவது இங்கேதான். ஒரு குறிப்பிட்ட சத்தை நீக்கிய தீவனம் கொடுத்தால் கோழிக்குஞ்சு வளராது, இறகு சரியாக முளைக்காது, ரத்தம் குறையும். எந்தப் பொருளைச் சேர்த்தால் குஞ்சு தேறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தச் சத்தைத் தேடினார்கள். அதுவே ஃபோலிக் அமிலம். 1945-இல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகவே தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது பலன் தந்தது. அண்ணன் இறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்த பிறகு. இன்று கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரை அதுதான்.

ஒட்டுண்ணி நோய்களுக்கு மருந்து தேடியபோதும் முதலில் சோதனைக்கு வந்தவை பறவைகள். கோழிக்கும் மலேரியா உண்டு. இலங்கைக் கோழிகளில் காணப்பட்ட அந்தக் கிருமிக்கு 1935-இல் தனிப்பெயர் சூட்டப்பட்டது. மனிதனுக்கு அது தொற்றாது. அதனால் போர்க்காலத்தில் புதிய மலேரியா மருந்துகளைக் குஞ்சுகளிலும் வாத்துகளிலும் சோதித்துப் பார்த்தார்கள். தோட்டத்து முதியவர்கள் அறிந்த பாலுட்ரின் மாத்திரை இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டதும் இப்படிக் குஞ்சுகளைக் கொண்டுதான்.

பறவை மலேரியாவைப் பற்றித் தனி நூலே எழுதிய ரெட்ஜினல் ஹெவிட், சுப்பாராவின் குழுவில் இருந்தார். பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் புழு தொற்றியதால் அதற்கு அவசரமாக மருந்து தேவைப்பட்டது. ஆர்சனிக், ஆண்டிமனி போன்ற நஞ்சு கலந்த ஊசிகளைத் தவிர வேறு வழி அப்போது இல்லை. பருத்தி எலிகளிலும் நாய்களிலும் ஒவ்வொரு ரசாயனமாகச் சோதித்த ஹெவிட்டும் மற்றவர்களும் 1947-இல் ஹெட்ராசான் என்ற மருந்தை அறிவித்தார்கள். வாயால் விழுங்கினால் போதும், ரத்தத்தில் நீந்தும் குட்டிப் புழுக்கள் மறைந்துவிடும்.

யானைக்கால் பரவிய மாநிலங்களில் கெடாவும் ஒன்று. இங்கே அதை உண்டாக்கும் புழுவின் அறிவியல் பெயரிலேயே மலாயா இருக்கிறது: புருகியா மலாயி. ஹெட்ராசானில் ஒரு சங்கடமும் உண்டு. புழுக்கள் செத்து அழியும்போது காய்ச்சலும் உடல்வலியும் வரும். நோயே தெரியாதவருக்கு மாத்திரை கொடுத்து, அதனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த முறை வாங்குவாரா? தவிர, வீங்கிப்போன காலை இந்த மருந்து பழைய நிலைக்குக் கொண்டுவராது. வீங்கும் முன்பே கொடுத்தால்தான் பயன். டி.இ.சி. என்ற பெயரில் நம் சுகாதாரத் துறையினர் வீடு வீடாகக் கொடுத்ததும் இதே மருந்துதான்.

ஹெட்ராசான் பைப்பரசின் என்ற ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பைப்பரசினே 1950களில் கோழிக் குடற்புழுவுக்கு மருந்தாகப் பரவியது. தண்ணீரில் கலந்து கொடுத்தால் உருண்டைப் புழுவின் தசை செயலிழக்கும். பிடி தளர்ந்து எச்சத்தோடு வெளியேறும். லயத்து வீட்டின் பின்னால் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாடாப்புழுவுக்கும், ரத்தக் கழிச்சலுக்கும் இந்த மருந்து கேட்காது.

சுப்பாராவின் தலைமையில் பெஞ்சமின் டக்கர் என்ற முதியவர் மண்ணிலிருந்து எடுத்த ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், தீவனத்தில் ஆரியோமைசின் சிறிதளவு சேர்த்தால் குஞ்சுகள் வேகமாக வளர்வதை லெடர்லி ஆய்வாளர்கள் கண்டார்கள். உலகெங்கும் கோழிப்பண்ணைகள் அதைப் பிடித்துக்கொண்டன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் இன்றைய தலைவலிக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

அவர் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. அவர் புறப்பட்ட பின் பிறந்த ஆண் குழந்தை, தகப்பன் முகம் பாராமலே சிறு வயதில் இறந்துபோனது. சேஷகிரி கடைசிவரை கணவரை மறுபடி பார்க்கவில்லை. நூற்றாண்டு நினைவாக இந்திய அரசு 1995-இல் அவர் படத்துடன் தபால்தலை வெளியிட்டது.