கிணற்றுக்கும் கணக்கு உண்டு: ஜே.சி. குமரப்பா வாழ்ந்து காட்டிய வழி

1980களில் என் வாப்பா யாழ்ப்பாணம் நகரிலிருந்து சைக்கிளில் புடவைக் கட்டோடு சண்டிலிப்பாய்ப் பக்கம் வியாபாரத்துக்குப் போவார். பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். வெயில் ஏறினால் அறிந்த வளவொன்றில் இறங்கி, கிணற்றில் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் மேலே போவோம். 1990 வெளியேற்றத்துக்குப் பிறகு நீண்ட காலம் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அண்மையில் போனபோது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். கடையில் வாங்கிய போத்தலைக் கொண்டுவந்து தந்தார்கள். கிணற்று நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயம் என்றார் வீட்டுக்காரர்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் நினைவில் நின்றவர் ஜே.சி. குமரப்பா. நம் ஊர்க்காரர் அல்லர், நம் மார்க்கத்தவரும் அல்லர். ஆனால் அந்தக் கிணற்றுக்கு என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள அவருடைய வாழ்க்கை உதவுகிறது.

1892 ஜனவரி 4ஆம் திகதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். லண்டனில் கணக்காய்வு படித்து, பம்பாயில் கணக்காளராக நன்றாகவே சம்பாதித்தார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றி ஆராய்ந்தார். இந்தியா ஏன் ஏழையானது என்ற கேள்விக்கு விடை தேடி அரசாங்கத்தின் வரவு செலவைப் புரட்டியபோது, ஆட்சியாளர்களின் வரியும் செலவும்தான் பெரிய காரணம் என்று கண்டார். மேல்நாட்டு உடையில் நாடு திரும்பியவர், 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியாரைச் சந்தித்தார். அதன் பின் கதராடைக்கு மாறினார். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, குமரப்பா என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்.

காந்தியார் அவருக்குக் கொடுத்த முதல் வேலை குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் மக்களின் வரவு செலவை எழுதுவது. 1934இல் பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கு அவர் கைக்கு வந்தது. காந்தியாரின் பரிவாரத்துக்கான செலவைக்கூட அந்த நிதியிலிருந்து கொடுக்க அவர் மறுத்துவிட்டார். பொதுப் பணம் அமானிதம் என்று நாம் சொல்வதை அவர் செய்து காட்டினார்.

அதே ஆண்டு தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் தங்கினார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று ஒவ்வொன்றையும் அங்கே செய்து பார்த்தார்கள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியை ஆதரித்தார். கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் வேண்டும், பனை தரிசிலும் தானாக நிற்கும் என்பது அவர் கணக்கு. பனை நாட்டில் பிறந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் தறித்த இடத்தில் மறுபடி பனங்கொட்டை புதைப்பவர்கள் எத்தனை பேர்?

பிரித்தானிய ஆட்சி அவரைப் பலமுறை சிறையில் அடைத்தது. 1942க்குப் பின் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதி, 1945இல் வெளிவந்ததுதான் நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவரது நூல். புலியைப்போல் கொன்று தின்பதும் ஒரு பொருளாதாரம், தேனீயைப்போல் கூடி உழைத்து எல்லோருக்கும் சேர்ப்பதும் ஒரு பொருளாதாரம் என்று அதில் வகுத்தார். செல்வத்தையும் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெற்றோல் போன்றவை எடுக்க எடுக்கத் தீரும் இருப்பு. மழை, மரம், ஆற்று நீர் ஆகியவை மீண்டும் மீண்டும் வரும் வரவு. வரவுக்குள் வாழும் சமூகம் நிலைக்கும், இருப்பைத் தின்னும் சமூகம் சண்டையில் போய் முடியும் என்பது அவர் முடிவு.

இந்தக் கணக்கைச் சண்டிலிப்பாய்க் கிணற்றில் போட்டுப் பாருங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் பெரும் வரவு. அது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே செலவுக்கு எல்லை. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். அதிகமாகக் கொட்டும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே நீரில்தான் இறங்குகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

செய்யக்கூடியவை நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சண்டிலிப்பாய் வழியே ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேரும் வழுக்கையாற்றையும் அதன் குளங்களையும் மழைக்கு முன் தூர்வாரி, நீரை மண்ணில் இறங்க விடலாம். கூரை நீரை வடிகட்டிக் கிணற்றடி மண்ணுக்குள் இறக்கலாம். தோட்டத்தில் குழையும் மாட்டெருவும் தாழ்த்தி, பசளையைக் குறைக்கலாம். பள்ளிவாசலில் வுழூச் செய்து வழியும் நீரை வாழைக்குப் பாய்ச்சலாம். ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை வீணாக்காதே என்று கற்ற சமூகத்துக்கு இது புதிதல்ல. முக்கியமாக, மாதம் ஒருமுறை கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். கணக்கு எழுதாதவனுக்கு நட்டம் கடைசி நாளில்தான் தெரியும்.

சுதந்திர இந்தியாவில் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். ஆனால் பெரிய ஆலைகளையும் அணைகளையும் நம்பிய புதிய அரசு அவர் வழியில் போகவில்லை. பதவி தேடாமல் மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் எளிமையாக வாழ்ந்து, 1960 ஜனவரி 30ஆம் திகதி, காந்தியார் கொல்லப்பட்ட அதே நாளில் காலமானார். வாழ்ந்த காலத்தில் அவரைப் பழமைவாதி என்றார்கள். இன்று உலகம் பேசும் பேண்தகு வளர்ச்சியை அவர் 1945இலேயே எழுதி வைத்திருந்தார்.

என் வாப்பா குடித்த கிணறு இன்னும் அங்கேயே இருக்கிறது. என் பேரப்பிள்ளையும் அதில் அள்ளிக் குடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கான கணக்கை இந்த மாரிக்கு முன்பே நாம் எழுதத் தொடங்க வேண்டும்.