பியானோ வித்தகர் ஆர்ட் டேட்டம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒஹையோ மாகாணத்தைச் சார்ந்த டொலீடோ நகரில், 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் ஆர்தர் டேட்டம் பிறந்தார். தந்தையார் இயந்திரத் தொழிலாளி, பிரெஸ்பிட்டேரியன் சபையின் மூப்பர், கிட்டார் வாசிப்பவர். தாயாரோ பியானோ அறிந்தவர். ஆகவே அவ்வில்லத்தில் சங்கீதத்திற்குக் குறைவில்லை. குறைந்தது குழந்தையின் கண்ணொளியே. சிசுப்பருவத்திலேயே இரு விழிகளிலும் புரை படர்ந்தது. பன்முறை சிகிச்சை செய்து மீட்ட சிறிது பார்வையும், வாலிபத்தில் கயவனொருவன் தாக்கியமையால் மேலும் மங்கிற்று.

கொலம்பஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சில காலம் பயின்றபின், டொலீடோவில் ஓவர்ட்டன் ரெயினி என்னும் ஆசிரியரிடம் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் கற்றார். ஆயினும் அவர் உள்ளம் கருப்பின அமெரிக்கர் ஈன்ற ஜாஸ் சங்கீதத்தின்பாலே சென்றது. துளையிட்ட காகிதச் சுருளால் தானே ஒலிக்கும் பியானோ ஒன்றில், இருவர் கூடி வாசித்த பாட்டை ஒருவர் வாசித்ததென எண்ணித் தனியே வாசித்துவிட்டாராம். இச்செய்திக்கு யாம் பிணை நிற்கமாட்டோம். ஆயினும் அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டோர் அதனை நம்பவே விரும்புவர்.

1932-இல் அடிலெய்ட் ஹால் என்னும் பாடகிக்குப் பக்கவாத்தியமாக நியூயார்க்கு சென்றார். அங்கே பாட்ஸ் வாலர், ஜேம்ஸ் ஜான்ஸன் முதலிய மூத்த வித்வான்களும் அவருடைய வன்மையைக் கண்டு வியந்தனர். மறு ஆண்டு மார்ச்சில் அவர் தனித்து வாசித்த முதற்றட்டுகள் பதிவாயின. பாட்டின் மெட்டை அவர் பெரும்பாலும் கைவிடார். அதன் கீழியங்கும் சுரக்கூட்டுகளையே எவரும் எதிர்பாராத வழியில் மாற்றுவார். அணிகள் மிகையாயின என்று குறை கூறுவோரும் உளர். மலர்மாலைகளால் முகம் மறைவதுபோல் மெட்டு மறையும் இடங்கள் சில உண்டென்பதை யாமும் மறுக்கவில்லை.

அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷ அளவே இசை அடங்கும். டேட்டமோ, கேளிக்கைச் சாலைகளில் தம் வேலை முடிந்தபின், நண்பர் சூழ விடியுமட்டும் வாசிப்பவர். அவ்விரவுகளின் இசை பெரும்பாலும் காற்றோடு போயிற்று. கொலம்பியா சர்வகலாசாலை மாணவர் ஜெர்ரி நியூமன், 1940, 1941-ஆம் ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் கருவியைத் தாமே சுமந்து ஹார்லம் பகுதிக்குச் சென்று, அவ்வாசிப்பிற் சிலவற்றைப் பதிந்து வைத்தார். நம் கல்லூரி இளைஞர் இதனைக் கருதுவாராக.

நீண்ட தட்டுகள் வந்தபின், 1953 டிஸம்பரில் நார்மன் கிரான்ஸ் என்னும் வெளியீட்டாளர், கால வரையறையின்றி விரும்பியதை வாசிக்குமாறு அவரை அமர்த்தினார். இரண்டே நாட்களில் 60-க்கு மேற்பட்ட பாடல்கள் பதிவாயின. பெரும்பாலானவை ஒரே முறை வாசித்தவை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அத்தொகுதி மேலும் வளர்ந்தது. 1956 செப்டம்பரில் பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோனுடன் வாசித்தபோது சிறுநீரக நோய் முற்றியிருந்தது. அத்தட்டிலோ தளர்ச்சி தென்படவில்லை. ஆரவாரம் மட்டுமே அடங்கியிருக்கிறது. யாம் மிகுதியும் விரும்பிக் கேட்பது அதுவே. நவம்பர் 5-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், 47-ஆம் வயதில் காலமானார்.

ஹார்லத்தில் அம்மாணவர் பதிந்தவை 1973-இல் வெளிவந்தன.