தொழுநோய்க் கிருமி கண்ட ஹான்சன்

தொழுநோயென்று கேட்ட அளவிலே மக்கள் அஞ்சி விலகிய காலம் மிக நெடிது. அது குலவழி வருவதென்று கற்றாரும் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் நார்வே நாட்டு மருத்துவர் அர்மவர் ஹான்சன் ஆவார். அவர்தம் வரலாற்றிற் புகழும் உண்டு, பழியும் உண்டு. இரண்டும் நாம் அறியத்தக்கனவே.

ஹான்சன் 1841-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பெர்கன் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். கிறிஸ்டியானியா எனப்பட்ட இன்றைய ஆஸ்லோவில் மருத்துவம் பயின்று, 1866-இல் தேறினார். 1868-இல் பெர்கன் தொழுநோய் மருத்துவமனையிற் பணி ஏற்றார். ஆங்குத் தலைவராய் விளங்கிய டானியல்சன், நோய் பரம்பரையாய் வருவதென்னும் கொள்கையர். அவர் நோயாளரின் கட்டியினின்றும் எடுத்த பொருளைத் தம் உடம்பிலேயே பன்முறை ஏற்றிக்கொண்டார், நோய் பற்றவில்லை. எனவே, அது தொற்றுநோயன்று எனத் துணிந்தார்.

ஹான்சனோ நோயுற்ற குடும்பங்களின் நிலையை ஆராய்ந்து, இது தொற்றுநோயே எனக் கண்டார். 1873-இல் டானியல்சனின் மகளாரை மணந்தார். அவ்வம்மையார் அவ்வாண்டிலேயே இறந்தார். அதே ஆண்டில் நோயாளரின் கட்டிகளிற் கோல் வடிவான நுண்ணுயிர்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே கண்டு, 1874-இல் அச்செய்தியை வெளியிட்டார். மாமனார் கொள்கைக்கு மாறாயினும் உண்மையை மறைத்தாரல்லர்.

ஆயினும் அக்கிருமியே நோய்க்குக் காரணம் என்பதை மெய்ப்பித்தல் அரிதாயிற்று. 1879-இல் ஜெர்மானியராகிய நைசர் என்பார் பெர்கனுக்கு வந்து, ஹான்சன் அளித்த பொருள்களுக்குச் சாயமூட்டிக் கிருமியைத் தெளிவுறக் கண்டு, கண்டுபிடிப்பின் பெருமையைத் தமதாக்க முயன்றார். அவ்வாண்டு நவம்பரில் ஹான்சன் ஒரு பெரும் பிழை செய்தார். மருத்துவமனையில் வாழ்ந்த நோயாளியாகிய ஒரு பெண்மணியின் கண்ணில், அவர் இசைவு பெறாமலே, மற்றொருவரின் கட்டிப் பொருள் தோய்ந்த ஊசியாற் குத்தினார். புதிய நோய் எதுவும் தோன்றவில்லை. அப்பெண்மணி பட்ட துன்பம் வழக்காகி, 1880-இல் நீதிமன்றம் ஹான்சனை அம்மருத்துவமனைப் பதவியினின்றும் நீக்கிற்று. எத்துணைப் பெரிய அறிஞராயினும் நோயாளரைக் கருவியாகக் கொள்ளலாகாது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. நாட்டின் தொழுநோய்த் தலைமை மருத்துவராக மட்டும் அவர் தொடர்ந்தார். அவர் முயற்சியால் 1877-இலும் 1885-இலும் சட்டங்கள் இயன்றன. 1912 பிப்ரவரி 12-ஆம் நாள் இறந்தார்.

டானியல்சனை நோய் பற்றாதது ஏன்? மக்களிற் பெரும்பாலோர் உடம்பு இக்கிருமியை இயல்பாகவே எதிர்க்க வல்லது என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை. கிருமி புகுந்தவுடன் உடலின் வெள்ளணுக்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவை தூதுவர்போற் சென்று, கிருமியை விழுங்கும் அணுக்களை எழுப்புகின்றன. அத்தூது குன்றியவரிடத்தே, கொல்லவேண்டிய அணுக்களின் உள்ளேயே கிருமிகள் குடிபுகுந்து பெருகுகின்றன. 1986-இல் இன்டர்ஃபெரான் காமா என்னும் தூதுப் புரதத்தையும், 1989-இல் இன்டர்லூக்கின்-2 என்பதையும் நோயாளர்தம் தோலிற் சிறிதளவு ஏற்றி ஆராய்ந்தோர், அவ்விடத்தே எதிர்ப்பாற்றல் எழுந்து கிருமிகள் குறைதலைக் கண்டனர். எனினும், நோயைத் தீர்ப்பது 1981-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்து முறையே.

கிருமியைக் கண்ட கண்ணின் கூர்மையை நாம் ஹான்சனிடம் கற்போமாக. நோயாளரின் உரிமையைப் பேணும் நெறியை அவர்தம் பிழையினின்றும் கற்போமாக.