சேதுக் கால்வாயும் இராமசாமி முதலியாரும்

தூத்துக்குடியினின்று சென்னைக்குச் செல்லும் பெருங்கப்பல் இன்றும் நம் ஈழத்தைச் சுற்றியே செல்கின்றது. அவ்வழியைக் குறுக்கச் சேதுக் கடலில் கால்வாய் அமைக்கலாம் என 1860இல் தெயிலர் என்னும் ஆங்கிலேயர் எடுத்துரைத்தார். விடுதலை பெற்ற இந்தியாவில் அதனை ஆராயும் பொறுப்பு ஆற்காடு இராமசாமி முதலியாரைச் சார்ந்தது.

1887இல் கர்நூலில் இரட்டையருள் ஒருவராகத் தோன்றிய அப்பெரியார், நீதிக்கட்சி நாளிதழின் ஆசிரியராய் விளங்கியவர். 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானவர். 1955இல் இந்திய அரசு நிறுவிய சேதுக் கால்வாய்க் குழுவுக்கு அவரே தலைவர். கால்வாயும் தூத்துக்குடித் துறைமுகமும் ஒரே திட்டத்தின் இரு கூறுகள் என்பது குழுவின் துணிபு. ஆதாம் பாலத்தை வெட்டும் எண்ணத்தை விடுத்து, மண்டபத்து நிலத்தின் ஊடே கால்வாய் அகழ்தலே தக்கது என்றும் அஃது அறிவுறுத்திற்று. செலவு 998 இலட்சம் ரூபா என மதிப்பிடப்பட்டது.

அரசோ இரண்டினைப் பிரித்தது. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாயிற்று. கால்வாய் ஏட்டளவில் நின்றது. 1976இல் முதலியார் மறைந்தார். 2005இல் பணி தொடங்கியபோது, அக்குழு விலக்கிய ஆதாம் பாலத்தினூடேயே வழி வகுத்தனர். வழக்கு மூண்டது, 2007இல் உச்ச நீதிமன்றம் அவ்விடத்துப் பணியைத் தடுத்தது.

அறிந்தார் அறிவுரையிற் பாதியைக் கொண்டு பாதியைக் கைவிடுவார் எய்தும் பயன் இதுவே போலும்!