இரக்கம் பாடிய வீரர்

போரைப் பாடிய ஆங்கிலக் கவிஞருள் என் நெஞ்சைப் பெரிதும் வருத்தியவர் வில்பிரட் ஓவன். 1893இல் இங்கிலாந்திற் பிறந்த இவர், பிரான்சு நாட்டுப் போர்டோ நகரிற் சிலகாலம் ஆங்கிலங் கற்பித்தார். நம்போல் அவரும் ஓர் ஆசிரியரே. 1915இற் படையிற் சேர்ந்தார்.

1917இற் போரதிர்ச்சியால் உளம் நலிந்து, எடின்பரோ நகரையடுத்த மருத்துவமனையொன்றிற் சேர்க்கப்பட்டார். ஆங்கே சிக்பிரிட் சசூன் என்னுங் கவிஞரின் நட்புக் கிட்டிற்று. போரின் புகழை விடுத்து அதன் அவலத்தைப் பாடும் வன்மை அப்போதே இவர்பால் முதிர்ந்தது.

நலமுற்றவர் 1918இல் மீண்டும் போர்முனை சென்றார். வீரரை முன்னின்று நடத்தலும், அவர்படுந் துயரை உடனிருந்து கண்டு உலகுக்கு உரைத்தலுந் தங் கடனெனக் கருதினார். ஒக்டோபர்த் தொடக்கத்தில் ஜொன்கூர் என்னும் ஊரருகே, அணித்தலைவர் செயலற்றுப்போகத் தாமே தலைமையேற்றார். பகைவரின் இயந்திரத் துப்பாக்கியைக் கைப்பற்றி அவர்மீதே சுட்டார். இரக்கம் பாடிய கை அது! இம்முரணை மறைத்து அவரைச் சாந்தமூர்த்தியாக்குதல் முறையன்று என்பேன். 'மிலிற்றரி குரொஸ்' என்னும் வீரவிருது அவருக்கு வழங்கப்பட்டது இச்செயற்கே.

நவம்பர் 4ஆந் திகதி சாம்பிர் – உவாஸ் கால்வாயைப் படையினர் கடக்க முயன்றபோது சுடப்பட்டு மாண்டார். அகவை 25. ஏழு நாளிற் போர் ஓய்ந்தது. சுரூஸ்பரி நகரில் ஆலயமணிகள் அமைதியை முழங்கிய வேளையிலேதான் மகன் இறந்த தந்தி தாயின் கைக்கு வந்ததென்பர்.

வாழுங்காலத்தில் அச்சேறிய பாடல்கள் ஒருசிலவே. எஞ்சியவற்றுட் பல, சசூனின் முன்னுரையோடு 1920இல் நூலாயின.