பேயைத் தேடிய ஆசிரியர்

ஏலகிரி அடிவாரத்திலிருந்து ஆம்பூர், வேலூர் வரை தோல் தொழிலில் உழைக்கும் தோழர்களே! வீட்டில் ஒருத்தி உறக்கமின்றிப் பிதற்றினால், பேய் பிடித்ததென்று பூசாரியை அழைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி உடுக்கை அடிக்கும் வழக்கம் இன்னும் அடியோடு ஒழியவில்லை. அந்த வழக்கத்தை எதிர்த்து நின்ற ஒரு பெரியவரின் வரலாறு இது.

ஆபிரகாம் கோவூர் 1898-இல் கேரளத்துத் திருவல்லாவில், கிறித்துவப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவில் படித்தார். கங்கை நீர் கொண்டுவரச் சொன்ன ஊராருக்கு, வழியிலே பிடித்த வெறும் தண்ணீரைக் கொடுத்தார். குடித்தவர்களோ நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்தார்கள்! தீர்த்தது நீரா, நினைப்பா?

1928-இல் இலங்கை சென்று, யாழ்ப்பாணம், காலி, கொழும்பு ஆகிய ஊர்களில் ஆசிரியராகப் பணியாற்றி, 1959-இல் ஓய்வு பெற்றார். பிறகு பகுத்தறிவாளர் சங்கத் தலைவரானார். கல் விழும் வீடு, துணி தீப்பற்றும் வீடு என்று எங்கே கேள்விப்பட்டாலும் போய்ப் பார்த்தார். கண்டது பேயையா? இல்லை, மனம் நொந்த மனிதரை! அவர்களை அவர் அடிக்கவில்லை, அவமானப்படுத்தவில்லை. தனியே அமர்த்தித் துயரைக் கேட்டார். மனோவசிய முறையில் சிகிச்சை செய்தார். பேய் பொய், நோய் மெய் என்பதே அவர் கண்ட முடிவு.

அற்புதம் செய்து காட்டுவோர்க்கு இலட்ச ரூபாய் என்று 1963-இல் அறைகூவினார். 1978-இல் அவர் மறையும்வரை அதை வென்றவர் எவருமில்லை. அவர் குறிப்பேட்டிலிருந்த ஒரு நோயாளியின் கதை 1973-இல் ‘மறுபிறவி’ என்ற தமிழ்ப் படமாயிற்று. தம் உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே எழுதி வைத்தார்.

பக்தியெல்லாம் பைத்தியம் என்பதல்ல நம் பேச்சு. கிறித்துவர்கள் தொடங்கிய வேலூர் மருத்துவமனைதான் 1957-இலேயே பாகாயத்தில் மனநல நிலையம் திறந்து, குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தந்தது. கும்பிடுகிறவனும் கேள்வி கேட்கலாம். கேட்க மறுப்பதுதான் கேடு.

அந்தக் கேட்டின் விலை என்ன? 2001 ஆகஸ்டு 6 அன்று, ஏர்வாடியில் தனியார் விடுதியொன்றில் சங்கிலியிட்டு வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். ஓடுவதற்குக் கால் இருந்தும் ஓட முடியவில்லை! நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆனால், சட்டம் நம் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

பேய் என்று எவரேனும் சொன்னால், எதைக் கண்டு சொல்கிறீர் என்று கேளுங்கள். பூசாரிக்குக் கொடுக்கும் பணத்தை மருந்துக்குக் கொடுங்கள். பிதற்றுகிறவளும் நம் வீட்டுப் பெண்தான்!