யாழைக் கேளாமலே சுருதி கண்டவர்

சுவாமி விபுலாநந்தரை நாம் துறவியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் அறிவோம். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்த அவர், முதலில் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் பெற்றார், 1924இல் துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இத்தனைக்கும் நடுவே அவரை விடாமல் பிடித்திருந்த கேள்வி ஒன்று: வழக்கொழிந்த யாழ் எப்படி ஒலித்திருக்கும்?

கேட்டவர் எவரும் உயிரோடு இல்லை. வாசிக்க ஒரு யாழும் மிஞ்சவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் பழைய உரைகளுமே இருந்தன. அவற்றில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு இசைகளுக்கும் 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் உண்டு, கூட்டினால் 22. நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு இளி பிறக்கும், அதாவது 'ச'வுக்கு 'ப'. பாதியாக்கினால் மேல் 'ச'. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டே அவர் பழைய பண்களையும் யாழ்களையும் தேடிப்போனார்.

தெல்தோட்டையில் நான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒலியைக் கேட்டதும் இது இன்ன சுரம் என்று சொல்லும் காது பிள்ளைக்கு இல்லையே, பாட்டு வருமா என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தக் காது அபூர்வம். நம் இசைக்கு அது கட்டாயமும் இல்லை. ஒரு கட்டையோ ஐந்து கட்டையோ, பாடுபவர் வைத்த இடமே 'ச'. அதிலிருந்து 'ப' எவ்வளவு தூரம் என்பது காதுக்குத் தெரிந்தால் போதும். 1990இல் மட்டக்களப்பை விட்டு நாங்கள் ஓடிவந்தபோது அப்பாவின் ஆர்மோனியம் வீட்டோடு நின்றுவிட்டது. இந்த மலைக்கு வந்த பிறகும் அவர் சுருதி பிசகாமல்தான் பாடினார். பெட்டி போனது, தூரங்கள் போகவில்லை. விபுலாநந்தரின் ஆய்வு எனக்கு விளங்கியது அப்போதுதான்.

ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனான யாழ் நூல், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அப்போதே அவர் உடல் தளர்ந்திருந்தது. ஆறு வாரம் கழித்து, ஜூலை 19இல், கொழும்பில் காலமானார். மட்டக்களப்பு கல்லடியில், தாம் உருவாக்கிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். யாழ் நூல் இன்றும் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுப்பவர்கள் அதன் கணக்கை ஒருமுறையாவது தந்தியில் அளந்து பார்க்க வேண்டும்.